ஆம்பூர் டு ஐ.சி.எஃப்.: மாமனாரோடு ஒரு கரி எஞ்சின் பயணம்

"ரயில் பார்க்க கார்ல போறதா? நல்ல கூத்துதான்!" என்று சிரித்தார் மாமா. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. ஆம்பூர் இன்னும் முழுசாக விழிக்கவில்லை. காரில் நான், கணவர், நான்காம் வகுப்பு படிக்கும் மகன், முன் சீட்டில் மாமனார். போகுமிடம், சென்னை ரயில் அருங்காட்சியகம்.

மாமா ஜோலார்பேட்டையில் கரி எஞ்சின் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எஞ்சின் சத்தத்தில் பாதி காது போய்விட்டது. அதனாலோ என்னவோ, பேச்சும் குறைந்துவிட்டது. "அப்பான்னா கறுத்த முகத்தோட வந்து, குளிச்சு, தூங்குறவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்பார் கணவர். அந்தக் கதைகளை இப்போது கேட்காவிட்டால் இனி எப்போது கேட்பது? அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பள்ளிகொண்டா, வேலூர் தாண்டி முதல் நிறுத்தம் வாலாஜா ரோடு ஸ்டேஷன். பலருக்குத் தெரியாத பெருமை இந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து வந்து நின்றது இங்கேதான். தூரம் சுமார் 100 கி.மீ. பம்பாய் - தாணே ரயில் ஓடி அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. சென்னை சென்ட்ரல்கூட அதற்குப் பிறகு, 1873-ல் வந்ததுதான்.

பாதை மேற்கே நீண்டு காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வரை வந்ததும் நம் ஊர்களின் தலையெழுத்தே மாறியது. ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து போக வழி பிறந்தது. சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பெரியமேட்டில் தோல் மண்டிகள் இருப்பது சும்மா இல்லை.

நாங்கள் நின்றிருந்தபோதே மைசூரு போகும் வந்தே பாரத் வெள்ளைக் கோடாகப் பறந்தது. "இவ்ளோ வேகமா போனா உள்ள இருக்கறவன் என்னத்தப் பார்ப்பான்?" என்றார் மாமா.

பத்தரை மணிக்கு அருங்காட்சியகம் சேர்ந்தோம். பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில், ஆறு ஏக்கருக்கு மேல் பரந்த இடம். 2002-ல் திறந்தார்கள். காலையில் பார்த்த வந்தே பாரத்தின் முதல் ரயிலே 2018-ல் இந்த ஐ.சி.எஃப்.பில் உருவானதுதான் என்றதும் மகனுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய எஞ்சின்கள், பெட்டிகள், மாதிரி ரயில்கள் என்று சுற்றி வந்தோம். குட்டி ரயிலில் ஒரு ரவுண்டும் போனான்.

கரி எஞ்சின் முன்னால் மாமா நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் கரி போட்டது இதைவிடப் பெருசு, டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி." என்றார்.

"அப்படின்னா என்ன தாத்தா?"

அவ்வளவுதான், மடை திறந்தது. "டபிள்யூன்னா அகலப்பாதை. ஒய்ன்னா மீட்டர் கேஜ். பின்னால பி வந்தா பாசஞ்சர் வண்டி, ஜி வந்தா கூட்ஸ் வண்டி. பேரைப் பார்த்தே ஜாதகம் சொல்லிடலாம்!"

கரி போடுவது மட்டுமா வேலை? பாயிலரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய்தான் ஃபயர்மேனுக்கு உயிர். தண்ணீர் ரொம்ப இறங்கினால் ஃபயர்பாக்ஸின் மேல் தகடு காய்ந்து பழுத்துவிடும், பாயிலரே வெடிக்கலாம். அதற்காகத் தகட்டில் ஈயம் அடைத்த ஒரு திருகு வைத்திருப்பார்கள். ஈயம் உருகினால் நீராவி உள்ளே பாய்ந்து ஆபத்தை அறிவிக்கும்.

"ஒரு ராத்திரி..." என்று மாமா ஆரம்பித்ததும் கணவர் சட்டென்று போனை எடுத்து ரெக்கார்டிங் போட்டார்.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு போகும் பாதை சுமார் 500 மீட்டர் உயரம் ஏறும். நிறைபார கூட்ஸ் வண்டி. ஏற்றத்தில் பாயிலருக்குத் தண்ணீர் தள்ளும் இன்ஜெக்டர் இரண்டும் மக்கர். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. நடுவழியில் நின்றால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் தாமதம், மேலே விசாரணை. இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமா?

"டிரைவர் என்னைப் பார்த்தாரு. எனக்கு அப்போ இருபத்தாறு வயசு, புதுசா கல்யாணம் ஆனவன். 'நிறுத்திடலாம் அண்ணே'ன்னேன். வண்டிய நிறுத்தி, நெருப்பையெல்லாம் கீழே தள்ளிட்டோம். மறுநாள் விசாரணையில 'முடிவு என்னுது, பசங்களை இழுக்காதீங்க'ன்னு எழுதிக் குடுத்துட்டாரு. தண்டனை அவருக்குத்தான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"ஏன்ப்பா இதை எங்ககிட்ட சொன்னதே இல்ல?" என்று கேட்டார் கணவர்.

"நீ கேக்கலையேடா."

காலணித் தொழிற்சாலையில் சூப்பர்வைசரான என் கணவர், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எஞ்சினின் மறுபக்கம் போய்விட்டார்.

1970-ல் சித்தரஞ்சனில் கடைசி அகலப்பாதை கரி எஞ்சின் தயாரானது. 'அந்திம் சிதாரா', அதாவது கடைசி நட்சத்திரம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1995-ல் அகலப்பாதையில் அன்றாட கரி எஞ்சின் ஓட்டமே நின்றது. எஞ்சின்களை அருங்காட்சியகத்தில் காப்பாற்றி வைக்கலாம். அதில் வேலை பார்த்தவர்களின் நினைவை வீட்டில் இருக்கும் நாம்தானே காப்பாற்ற வேண்டும்?

திரும்பும்போது ஆம்பூரில் பிரியாணி, கத்திரிக்காய் தொக்கோடு பார்சல் வாங்கினோம். மாமா தூங்கிவிட்டார். பின்சீட்டில் மகன் போனைக் காதில் வைத்து, தாத்தாவின் குரலை மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டு வந்தான்.

போகிறவர்களுக்கு: ஆம்பூரிலிருந்து காரில் மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். அருங்காட்சியகம் திறக்கும் நாள், நேரத்தைக் கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் ராயபுரம் ஸ்டேஷனையும் ஒரு எட்டு பாருங்கள். வீட்டில் பழைய ரயில்வேக்காரர் இருந்தால், மறக்காமல் அவரையும் அழைத்துப் போங்கள்.