நாலு மணிக்குப் பிறகு

திருகோணமலைக்குச் சுற்றுலா வருவது எப்படி என்று தேடினால் விடுதி, படகு, பவளப்பாறை, திமிங்கிலம் எல்லாம் விலையோடு வரும். திருகோணமலையிலேயே இருக்கிற, இரண்டு மூன்று பிள்ளையள் உள்ள ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று தேடினால் ஒண்டும் வராது.

நாங்கள் சாம்பல்தீவு. டவுனுக்கும் நிலாவெளிக்கும் இடையில் இருக்கிற ஊர். மற்ற ஆக்கள் காசு சேர்த்து லீவு போட்டு வருகிற கடலுக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்க இருக்கிறோம். ஆனாலும் புறாத்தீவைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளையள் எங்கட ஊரில் நிறைய. 2003இல் தேசிய பூங்காவான அந்தத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். படகுக்கூலி, ரிக்கற், கடலுக்கடியில் பார்க்கிற கண்ணாடி வாடகை எல்லாம் சேர்ந்தால் கூலி வேலை செய்கிற வீட்டின் ஒரு நாள் சம்பளம் காணாது.

2022 செப்டம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டிப் போனது. பிறகு வேகம் குறைந்தது, ஆனால் ஏறின விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அரிசியைக் குறைக்க முடியாது, பள்ளிக்கூடக் கொப்பியைக் குறைக்க முடியாது. வீட்டுக் கணக்கில் முதலில் வெட்டுப்படுவது 'வெளியில போறது'தான். பிள்ளையள் ஃபோனோடு வீட்டுக்குள் இருப்பார்கள். "வெயிலுக்குள்ள எங்க போறது?" என்று நாங்களும் சமாதானம் சொல்லிவிடுவோம்.

அந்த வெயில் பொய்யில்லை. வைகாசியிலிருந்து ஆவணி மட்டும் கச்சான் அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி எங்களிடம் வருகிறது. பகலில் அந்தக் காற்றே முகத்தைச் சுடும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுகிற நாட்களில் திருகோணமலையின் பெயரும் அடிக்கடி அதில் இருக்கும்.

அதனால் தம்பி தங்கச்சிமாரையும் அக்காமாரின் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு திரிந்ததில் நாங்கள் கண்டுபிடித்தது இதுதான்: எந்த இடத்துக்குப் போவது என்பதை விட எத்தனை மணிக்குப் போவது என்பதுதான் முக்கியம்.

கடலையே எடுங்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பி, பின்னேரம் ஊருக்குப் பின்னால் இறங்கும். காலையில் கடற்கரையில் நிழலே இல்லை. நாலு மணிக்குப் பிறகு கரையோரத்துப் பனையும் சவுக்கும் தங்கட நிழலை மணலுக்கு மேல் நீட்டத் தொடங்கும். சல்லிக் கரையில் அந்த நேரம் ஒரு பாயை விரித்தால் போதும். வீட்டிலிருந்து பிளாஸ்கில் பிளேன்ரீ, போத்தலில் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணி, அவிச்ச கடலை. செலவு பஸ் காசு மட்டும், நடக்கிற தூரமென்றால் அதுவும் இல்லை.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கச்சான் காலத்தில் கடல் அலையில்லாமல் குளம் மாதிரி இருக்கும். ஆனால் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. பந்தோ ரியூப்போ கைவிட்டால் அது கரைக்குத் திரும்பாது, உள்ளேதான் போகும். அதைப் பிடிக்கப் பிள்ளையும் உள்ளே போகும். ரியூப்பை வீட்டில் விட்டுவிட்டு, இடுப்பளவுத் தண்ணியில், ஒரு பெரிய ஆள் கடல் பக்கமாக நிற்க விளையாடலாம். கார்த்திகையிலிருந்து தை வரை, வாடைக்காற்றில் கடல் குழம்பும்போது, மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டவுனில் பிரெட்றிக் கோட்டை. உள்ளே நடந்து போகக் காசில்லை, பெரிய மரங்களின் நிழல் இருக்கிறது, புள்ளிமான்கள் நிற்கும். மான்களுக்குத் தீனி கொடுக்காமல் இருக்கப் பிள்ளையளுக்குச் சொல்லிக் கொடுங்கள். டவுன் குப்பையில் பொலித்தீனைக் கிளறுகிற மான்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்படியே கோணேசர் கோயில் வரை ஏறினால் சுவாமிமலையில் காற்று வாங்கலாம். பங்குனி, சித்திரையில் கடல் தெளிவாக இருக்கிற காலையென்றால் தூரத்தில் தண்ணி புகை மாதிரிப் பீறிடுகிறதா என்று பாருங்கள். படகுக்குக் காசு கட்டிப் போய்ப் பார்க்கிற அதே நீலத் திமிங்கிலம் சில நாள் இந்த மலையிலிருந்தே தெரியும். ஒவ்வொரு நாளும் கிடைக்காது. பிள்ளையள் போட்டி போட்டுத் தேடுவதே அரை மணித்தியாலம் போகும்.

கன்னியாவுக்கு விடியவே போங்கள். சின்ன ரிக்கற்தான். ஏழு கிணற்றிலும் எது கூடச் சூடு என்று ஒவ்வொன்றாக அள்ளிப் பார்ப்பது பிள்ளையளுக்குப் பெரிய ஆராய்ச்சி. எங்கட ஆக்கள் செத்த வீட்டுக் கிரியைக்கும் வருகிற இடம் என்பதால், இராவணன் தாய்க்குக் கடன் செய்த கதையையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

நிலாவெளி வீதியில் இருக்கிற யுத்த மயானத்தைக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளையளுக்குச் சொல்லுவோம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அந்த யுத்தத்தில் செத்தவர்களின் கல்லுகளில் வயசும் எழுதியிருக்கிறது. பலருக்கு எங்கட வயசு. ஓடி விளையாடுகிற இடமில்லை, கேள்வி கேட்கிற இடம்.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. அது அம்மாமாருடையது. நாங்கள் போன இடங்களில் அம்மாமார் தண்ணி குடிப்பதில்லை. போத்தலை நீட்டினால் "எனக்கு வேணாம், பிள்ளைக்குக் குடுங்கோ" என்பார்கள். தாகம் இல்லாமல் இல்லை. ஊர்க் கடற்கரையில் பொம்பிளையள் போகக் கழிப்பறை இல்லை. இந்த வெயிலில், வியர்த்து ஒழுகும்போது, நாலு மணித்தியாலம் தண்ணி குடிக்காமல் இருப்பவரின் உடம்பில்தான் எங்கட 'இலவச' பயணம் ஓடுகிறது.

அவர்கள் கரையில் இருக்கும்போது கடலுக்கு முதுகு காட்டி இருக்கவும் மாட்டார்கள். 2004 டிசம்பர் 26உம் ஒரு ஞாயிறுதான், போயா லீவு வேறு. அதற்கு முதல் யுத்தம், மீன்பிடிக்கப் போவதற்கே கட்டுப்பாடு இருந்த காலம். கடலோடு அவ்வளவு கண்டவர்கள் பிள்ளையளுக்காகத் திரும்ப அந்த மணலில் வந்து இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு தண்ணிக் குழாயும் கேட்பது பெரிய ஆசையில்லை.

எங்களைப் பொறுத்தவரை, ரிக்கற் இல்லாத இடமெல்லாம் ஏழைக் குடும்பத்துக்கு ஏற்ற இடம் ஆகாது. நிழல், குடிக்கிற தண்ணி, கழிப்பறை, இருட்டின பிறகும் திரும்பி வர ஒரு பஸ். இந்த நாலும் இருந்தால்தான் ஒரு அம்மா பயமில்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுவார். இதில் எதற்கும் வெளிநாட்டு முதலீடு தேவையில்லை. நிழலுக்கு வேம்பும் பூவரசும் போதும், இந்த மாரிக்கு நட்டால் சில வருஷத்தில் ஒரு பாய் விரிக்கலாம்.

நாங்கள் போகிற ஒவ்வொரு இடத்திலும் இப்போது அந்த நாலையும் ஒரு கொப்பியில் குறிக்கிறோம். எது இருக்கு, எது இல்லை, எத்தனை மணிக்குக் கடைசி பஸ். கொப்பி நிறைந்ததும் பிரதேச சபைக்குக் கொண்டுபோகப் போகிறோம். உங்கட ஊரிலும் ஒரு கொப்பி தொடங்குங்கள். அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவ தண்ணி குடிக்கிறாவா என்று பாருங்கள்.