ஃப்ரிட்ஜுக்கு அசராத கிருமி

எங்க அண்ணனுக்கு கிட்னி மாத்தி ஆறு வருஷம் ஆகுது. கொடுத்தது அண்ணி. உடம்பு அந்தப் புது கிட்னியைத் தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், ப்ரெட்னிசோலோன் என்று தினமும் மாத்திரை. அதாவது எதிர்ப்பு சக்தியை வேணும்னே அமுக்கி வைக்கணும். யாராவது தும்மிக்கிட்டே வந்தால் அண்ணி வாசலோடு அனுப்பிடுவாங்க. (நானே ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கேன்.)

ஆனா போன வருஷம் வந்த வியாதி தும்மல்ல வரலை, சாப்பாட்டுல வந்தது. ரெண்டு நாள் காய்ச்சல், தலைவலி. மூணாவது நாள் காலைல என்னைப் பார்த்து "யாருப்பா நீ?"ன்னார். ஆஸ்பத்திரியில முதுகுல ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தாங்க. மூளைக்காய்ச்சல். கிருமி பேரு லிஸ்டீரியா.

1926-ல கேம்பிரிட்ஜ்ல ஆராய்ச்சிக்கு வளர்த்த முயல்கள் சாகப்போய் கண்டுபிடிச்ச கிருமி. பிற்பாடு ஜோசப் லிஸ்டர் பேரை வச்சாங்க. அறுவை சிகிச்சையில கிருமியை ஒழிக்கப் பாடுபட்ட மனுஷன், பாவம்!

நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு இது வயித்துப்போக்கோட போயிடும், சில சமயம் தெரியவே தெரியாது. வயசானவங்க, கர்ப்பிணிகள், அண்ணன் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்கன்னா குடல்லேர்ந்து ரத்தத்துக்கு, அங்கிருந்து மூளைக்கு. இன்னொரு விசேஷம், மத்த கிருமிகள் பெரும்பாலும் சுருண்டு படுத்துடற ஃப்ரிட்ஜ் குளிர்லயும் இது மெதுவா பெருகும். 2011-ல அமெரிக்காவில் முலாம்பழம் சாப்பிட்டு 33 பேர் இறந்தது இதனால்தான். 2017-18-ல தென்னாப்பிரிக்காவில் பொலோனி என்கிற இறைச்சிப் பண்டத்தால் 200 பேருக்கு மேல்.

நான் டாக்டர் இல்லை. ஆனா ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் தெரியணும்னு தோணுது. மூளைக்காய்ச்சல்னு சந்தேகம் வந்ததும் வழக்கமா போடற செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமிகிட்ட பலிக்காது. ஆம்பிசிலினும் சேர்த்துப் போடணும். அண்ணி எமர்ஜென்சி வாசல்லயே, பேரு வயசு சொல்றதுக்கு முன்னாடி, "கிட்னி மாத்தினவர்"னு சொல்லி மாத்திரைச் சீட்டை நீட்டிட்டாங்க. டூட்டி டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ரெண்டையும் ஆரம்பிச்சார். கல்ச்சர் ரிப்போர்ட் வர ரெண்டு நாள் ஆச்சு. அந்த ரெண்டு நாள் வீணாகியிருந்தா... வேண்டாம், விடுங்க. அப்புறம் 21 நாள் ஆம்பிசிலின். நடக்கும்போது இன்னும் லேசா தள்ளாடுது, மத்தபடி தேறிட்டார்.

எந்தச் சாப்பாட்டுல வந்ததுன்னு கடைசி வரைக்கும் பிடிபடலை. சிலருக்கு சாப்பிட்டு வாரக்கணக்கு கழிச்சுக்கூட காட்டுமாம். அண்ணி ஒரு நோட்டுல பின்னோக்கி எழுதிப் பார்த்தாங்க. பதினோரு நாளைக்கு மேல ஞாபகம் வரலை.

நல்லவேளை, சூட்டுக்கு இது தாங்காது. மீந்த குழம்பு இப்ப ஆவி பறக்கக் கொதிச்ச பிறகுதான் அண்ணன் தட்டுக்கு வருது. கடையில வெட்டி வச்ச பழத்துக்கு அந்த வீட்ல தடா. அண்ணனுக்கு அதுல ரொம்ப வருத்தம்.