கடைமடை

ஜூன் 12, மேட்டூர் திறப்பு என்று பேப்பரில் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். என் பழைய மேதாவித்தனத்தை நினைத்துத்தான்.

1981-ல் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வாத்தியார் வேலை. நாலாம் வகுப்பில் ஒரு பையன், பதினோரு மணியானால் தூங்கி விழுவான். பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன். காலையில் சாப்பிட்டானா என்று ஒருநாளும் கேட்டதில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு இருக்கத்தான் இருந்தது, எல்லாருக்கும் எட்டவில்லை.

மறுவருஷம் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார். டீக்கடையில் நான் சட்டம் பேசினேன். அரசு வேலையில் சம வாய்ப்பு அரசியல் சாசனத்தின் 16-வது பிரிவு. மறுத்தால் கோர்ட்டுக்குப் போகலாம். வேலைக்கான உரிமை 41-வது பிரிவு. வெறும் வழிகாட்டும் நெறி, வழக்குப் போட முடியாது. சாசனம் எழுதியவர்களே பிரித்து வைத்துவிட்டார்கள், பள்ளிக்கூடக் கதவைத் திறந்துவிட்டால் போதாதா, சோறும் போடணுமா என்றேன்.

பக்கத்தில் ஒரு கடைமடை விவசாயி. "மேட்டூர்லயும் எல்லாருக்கும் சேத்துத்தான் சார் தொறக்குறாங்க. எங்க வயலுக்கு வந்துச்சான்னு யாரு பாக்குறா?"

எங்கள் பக்கத்துக்குக் காவிரி வருவது கல்லணைக் கால்வாயில். மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டியது, சனங்களுக்குப் புது ஆறு. தலைமடையில் நடவு முடிந்திருக்கும், கடைமடையில் மண் வெடித்துக் கிடக்கும். எனக்குப் பதில் வரவில்லை. அவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, பெருந்தன்மைக்காரன் மாதிரி எழுந்து வந்தேன்.

சத்துணவுக்குப் பிறகும் அந்தப் பையன் கணக்கில் சுமார்தான். ஆனால் தூங்கவில்லை.

வழக்குப் போட முடியாது என்று நான் சொன்ன வேலை உரிமை, 2005-ல் நூறு நாள் வேலை என்று சட்டமானது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் எங்கள் ஊரில் முணுமுணுத்தார்கள். அதிலும் நியாயம் இருந்தது. அதே வருஷங்களில்தான், கூலி பேசும்போது பெண்கள் தலைநிமிர்ந்து பேசுவதையும் பார்த்தேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல். என் தென்னை அத்தனையும் விடிவதற்குள் படுத்துவிட்டன. ரேஷன் கடை வரிசையில் போய் நின்றேன். 1997-ல் டெல்லி ரேஷனில் ஏழை, ஏழையல்லாதவர் என்று கோடு போட்டபோது தமிழ்நாடு அதைப் போட மறுத்ததே, அந்தப் புண்ணியத்தில் என்னை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். காதோரம் நரைத்திருந்தது. நாலாம் வகுப்புப் பையன்!

"முன்னாடி வாங்க சார்."

"வரிசை வரிசைதான்ப்பா."

"அது சரி, பை கொண்டாந்தீங்களா?"

மறந்துவிட்டிருந்தேன். கக்கத்தில் வைத்திருந்த இரண்டு சாக்கில் ஒன்றை உதறி நீட்டினான்.