ஐந்து அடுக்குப் பலகை

காரின் மேற்புறத்தைத் துடைத்துப் பளபளப்பாக்குவோர் பலர். அதன் அடிப்புறத்தை ஆண்டுக்கு ஒரு முறையேனும் குனிந்து பார்ப்போர் சிலரே. கடலோரத்தில் குடியிருப்போருக்கு இந்த அலட்சியம் ஆகாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என ஆண்டுக்கு இரண்டு பருவமழை; இடைப்பட்ட மாதங்களில் உப்புக் காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு என்ன பாடுபடும் என்பதைக் கடற்கரை ஊர்களின் சன்னல் கம்பிகளே சொல்லும். காரிலோ அந்த அரிப்பு கண்ணில் படாத இடங்களில் நடக்கிறது. சைலன்சரில், ஆயில் சம்ப்பின் ஓரத்தில், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத பிரேக் குழாயில்.

தந்தையார் மறைந்தபின் அவருடைய கார் சகோதரர்களாகிய எங்கள் இருவர் பொறுப்பில் வந்தது. பழைய கார், மிகவும் தாழ்ந்தது. எண்ணெய் மாற்றவும், அடிப்பாகத்தைத் துலக்கித் துருத்தடுப்பு வண்ணம் பூசவும் நாங்களே முனைந்தோம். பணம் மிச்சம் என்பது ஒரு காரணம். மற்றவர் செய்ததாகச் சொல்லும் வேலையை நம் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொரு காரணம்.

ஆனால் அம்மா இசையவில்லை. அவருடைய மறுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1994ஆம் ஆண்டு எங்கள் தெருவில் ஓர் இளைஞர், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுத்திருந்தார். மண் இளகிய தரை. ஜாக்கி சாய்ந்தது. அடக்கம் முடிந்து மூன்று நாள் அந்தத் தாயுடன் இருந்துவிட்டு வந்தவர் எங்கள் அம்மா. "ஜாக்கி வச்சு அடியில படுக்கப்பிடாது மக்களே. அதுக்குமேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அந்த ஒன்று தெரிந்திருந்தாலே போதும் என்பது எங்கள் எண்ணம்.

காருடன் தரப்படும் ஜாக்கி, சக்கரம் மாற்றுவதற்கென்று அமைந்த கருவி, ஆளைக் காப்பதற்கன்று. அதன் அடித்தளம் சிறிது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. பின்புறத்தை ஜாக்கியால் தூக்கிவிட்டால், அந்தப் பிரேக்கால் பயனே இல்லை. சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தும்போதோ நான்கு சக்கரங்களும் பாரத்தைத் தாங்கியபடி ஊன்றி நிற்கின்றன. எனவே சாய்தளமே தக்கது என்று முடிவு செய்தோம். அம்மாவும் "பாக்கலாம்" என்ற அளவுக்கு இறங்கி வந்தார்.

கடையில் விற்கும் இரும்புச் சாய்தளம் ஒன்றை நண்பர் தந்து உதவினார். கார் அதன் அருகே போனதுதான் தாமதம், டயர் தொடுமுன்பே முன்பம்பர் போய் முட்டியது. தாழ்ந்த காரின் தொல்லையே இதுதான். வாசகர்களில் எவரேனும் இம்முயற்சியில் இறங்கினால், பொருள் வாங்குமுன் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்வது நலம். தரையிலிருந்து பம்பரின் கீழ் விளிம்பு எவ்வளவு உயரம்? டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்த விளிம்பு எவ்வளவு முன்னே நீண்டிருக்கிறது? எங்கள் காரில் உயரம் 5½ அங்குலம். நீட்சி 30 அங்குலம். அப்படியானால் சாய்தளம் 30 அங்குலத் தொலைவில் 5½ அங்குலத்துக்குக் குறைவாகவே உயர்ந்திருக்க வேண்டும். நண்பரின் சாய்தளம் இரண்டே அடிக்குள் 8 அங்குலம் ஏறிவிட்டது. பிறகு எப்படி?

தச்சரிடம் போனோம். மரத்தில் வள்ளம் கட்டிய கைகள் அவருடையவை. ஃபைபர் படகுகள் வந்தபின் அத்தொழில் ஒடுங்கிப்போக, இப்போது கதவும் கட்டிலும் செய்கிறார். கரையேற்றிய வள்ளத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, அடியில் நுழைந்து வேலை பார்த்தே பழகியவருக்கு எங்கள் தேவையை விளக்க வேண்டியிருக்கவில்லை. "செலவு எதுக்கு, ஹாலோ பிளாக்கை அடுக்கிப் போடலாமே?" என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு அவர் தந்த விடை நினைவில் நிற்கிறது: "கல்லு ஒடையும்போது சொல்லாது. மரம் மொனங்கும்." உண்மைதான். சிமெண்டுக் கல் பாரம் தாங்காவிடில் ஒரு நொடியில் நொறுங்கும். மரம் நசுங்கும், பிளக்கும், பெரும்பாலும் ஓசை எழுப்பிய பின்னரே கைவிடும். ஓராயிரம் கிலோ எடையுள்ள காரில், முன்புறம் எஞ்சின் இருந்தால், முன்சக்கரம் ஒவ்வொன்றின்மீதும் ஏறத்தாழ 300 கிலோ இறங்குகிறது. அதன் அடியில் மனிதர் படுக்க வேண்டும்.

இடித்த வீட்டு மரம் விற்குமிடத்தில் அயினி மரப் பலகைகள் கிடைத்தன. ஆணிகளைப் பிடுங்கவே அரைநாள் ஆயிற்று. ஒன்றரை அங்குலக் கனம், பத்து அங்குல அகலம். அடிப்பலகை 54 அங்குலம், அடுத்தது 44, பிறகு 34, 24, உச்சியில் 14. படிப்படியாக ஐந்து அடுக்கு, மொத்தம் 7½ அங்குல உயரம். ஒவ்வொரு படியும் பத்து அங்குலம் பின்வாங்கி நிற்பதால், 30 அங்குலத்தை எட்டும் வரையில் ஏற்றம் 4½ அங்குலமே, பம்பர் தட்டாது. இரண்டு சாய்தளங்களுக்கும் சேர்த்து 28 அடிக்குச் சற்று மேலான பலகை செலவாயிற்று. ஸ்க்ரூக்களின் தலை டயரில் படாதபடி மரத்துக்குள் புதைத்தார் தச்சர். உச்சிப் பலகையின் கடைசியில் குறுக்கே ஒரு கட்டை. சக்கரம் மறுபுறம் பாய்ந்து விழாமல் தடுப்பது. அதன் பெயர் முட்டுக்கட்டை. நம் பேச்சு வழக்கிலும் செய்தித்தாளிலும் இச்சொல் எப்போதும் வசவாகவே வருகிறது. அதைக் கண்டுபிடித்தவர் இதைக் கேட்டால் வருந்துவார்.

முற்றத்தில் வழுவழுப்பான ஓடு பதித்திருந்ததால், பலகைக்குக் கீழே பழைய டயர்த் துண்டுகளை விரித்தோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் காருக்கு முன்னே நில்லாமல் பக்கவாட்டில் நின்று கைகாட்டினார். படிக்குப் படி கார் ஏறியது. கியரில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களின் முன்னும் பின்னும் ஆப்புக் கட்டைகளைச் செருகினோம். பிறகு பக்கவாட்டில் வலுவாக உலுக்கிப் பார்த்தோம். அம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, தாமும் ஒரு முறை கையால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "ம்" என்றார். அதன் பிறகே நாங்கள் அடியில் நுழைந்தோம்.

கைவிளக்கின் ஒளியில் இடப்பக்கப் பிரேக் குழாய் தெரிந்தது. கவ்வி பிடித்திருந்த இடத்தில் துரு செதில் செதிலாய் உரிந்து, அதன் நடுவே ஈரம் கசிந்திருந்தது. அந்தக் காரில்தான் முந்தின ஞாயிறு அம்மாவை அக்காள் வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். இறக்கமும் வளைவுமான சாலை. எண்ணெய் மாற்றுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழைத்தோம். இரு பக்கக் குழாய்களையும் மாற்றும் வரை அவர் காரைத் தெருவில் இறக்க விடவில்லை.

சாய்தளங்கள் இப்போது கொல்லைப்புறத்தில் இருக்கின்றன. படிப்படியாய் அமைந்திருப்பது வசதியென்று அம்மா அவற்றின்மீது வற்றல் தட்டுகளை வரிசையாக வைக்கிறார். அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு முன் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.