கை வைக்கும் முன்

பிள்ளைகளே, அமெரிக்காவில் முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டர் ஆக வேண்டும் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வருஷம் ஆகும்?" என்பதுதான். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு அவசியம்.

பொதுவாக 90 செமஸ்டர் கிரெடிட் அளவுக்கு முதலில் கல்லூரிப் படிப்பு வேண்டும். பிறகு அங்கீகாரம் பெற்ற கைரோபிராக்டிக் கல்லூரியில் 4,200 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி. பெரும்பாலோருக்கு அது நான்கு ஆண்டு. இடையிடையே தேசிய வாரியத்தின் நான்கு பகுதித் தேர்வுகள். உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல், நோயியல், நுண்ணுயிரியல் எல்லாம் முதல் பகுதியிலேயே வந்துவிடும். கடைசிப் பகுதி செய்முறை. எக்ஸ்ரே பார்க்கவும் நோயாளியைப் பரிசோதிக்கவும் தெரிகிறதா என்று அதில் சோதிப்பார்கள்.

"முதுகெலும்பைச் சரிசெய்ய இத்தனையும் எதற்கு?" என்று நல்ல மாணவர்களே சலித்துக்கொள்வார்கள்.

நான் மேற்பார்த்த பயிற்சி கிளினிக்கில் கைலாவகம் மிக்க ஒரு மாணவன் இருந்தான். இடுப்புவலியோடு வந்த லாரி ஓட்டுநரைக் குப்புறப் படுக்கவைத்து, கட்டைவிரலால் முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவி இடத்தைக் கண்டுகொண்டான். அழுத்தப் போகும் நேரம், "சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டாயா?" என்றேன். கேட்டான். காலையிலிருந்து முக்கியும் போகவில்லை, தொடையிடுக்கு மரத்துப்போயிருக்கிறது என்றார் அவர். மாணவனின் விரல்கள் அப்படியே நின்றன. தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதற்கான அறிகுறி அது. அழுத்தாமல், அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். அந்த ஒரு கேள்வி வாயில் வருவதற்காகத்தான் அத்தனை பாடமும். அழுத்தும் வித்தையைச் சில மாதத்தில் பழகலாம். எங்கே அழுத்தக் கூடாது என்பதற்கு ஆண்டுகள் வேண்டும்.

கைரோபிராக்டராகத் தொழில் செய்யும் உரிமம்கூட எளிதில் கிடைத்ததில்லை. 1895இல் அயோவாவின் டேவன்போர்ட்டில் இத்தொழிலைத் தொடங்கிய டி.டி. பால்மர், உரிமமின்றி வைத்தியம் செய்ததாக 1906இல் சிறைக்குப் போனார். 1913இல் கன்சாஸ் மாநிலம் முதலில் உரிமச் சட்டம் இயற்றியது. கடைசியாக லூசியானா 1974இல்தான் உரிமம் தந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பொறுத்தவர்கள் பெற்றுத் தந்ததை நாம் ஒப்புக்குப் படித்து வாங்கிவிடக் கூடாது.

என் மாணவி ஒருத்தி வேதியியலில் தவறினாள். தோழிகள் அடுத்த பருவத்துக்குப் போக, அவள் பழைய பாடநூலை முதல் பக்கத்திலிருந்து திரும்ப எடுத்தாள். மறுமுறை தேறினாள். தேறியதைவிட, மனப்பாடத்தை விட்டு விளங்கிப் படிக்கத் தொடங்கியதையே நான் பெரிதாக மதிக்கிறேன். தோல்வியைத் தாங்கியவள் நோயாளியின் வலியையும் பொறுமையாகக் கேட்பாள் என்பதைப் பின்னாளில் அவளிடமே கண்டேன்.

ஒன்று மட்டும் சேரும் முன்பே செய்யுங்கள். எந்த மாநிலத்தில் தொழில் செய்யப் போகிறீர்களோ, அந்த மாநில வாரியத்தின் விதிகளை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். சில மாநிலங்கள் இளநிலைப் பட்டம் கேட்கும்; பலவற்றில் சட்டத் தேர்வு தனியாக உண்டு. உரிமம் வந்த பிறகும் புதுப்பிக்கப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்; கலிபோர்னியாவில் அது ஆண்டுக்கு 24 மணி நேரம். பிறர் சொன்னதை நம்பிச் சேர்ந்து, பாதியில் தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.