டோக்கியோவில் காதுக்கு விருந்து

என் கணவருக்கு இரண்டு காதல். ஒன்று நான், மற்றொன்று பாட்டுப் பெட்டி. இவற்றில் எது மூத்தது என்று நான் விசாரித்ததில்லை. பதில் சங்கடமாக இருக்கலாம் அல்லவா?

சென்ற ஆண்டு ஒரு நாள் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர், வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "வயதானால் எல்லாருக்கும் வருவதுதானாம். உச்சத்தில் ஒலிக்கும் மெல்லிய நாதமெல்லாம் இனிமேல் குறைந்துகொண்டே போகுமாம்" என்றார். பிறகு, "அதற்குள் ஒரு தடவை டோக்கியோ போய்க் கேட்டுவிட வேண்டும்" என்றார்.

சமையலறையை இடித்துக் கட்டச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பாதி, விமான டிக்கெட்டாக மாறியது. மீதியில் உயர்ந்த ரக ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்குவதாக ஏற்பாடு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

"அப்படி என்ன இருக்கிறது டோக்கியோவில்?" என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

முதலில் அகிஹபாரா. யுத்தம் முடிந்த புதிதில் தெருவோரத்தில் ரேடியோ சாமான்கள் விற்ற சிறு வியாபாரிகள், பிற்பாடு இங்கே ரயில் பாதைக்கு அடியில் குடியேறினார்கள். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. இரு பக்கமும் பெட்டிக் கடைகள். நம் ஊர் வளையல் கடை மாதிரி வால்வுகளையும் ஸ்விட்சுகளையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால், மாடி மாடியாக ஒலிப் பெட்டிக் கடைகள். படி ஏற ஏற விலையும் ஏறுகிறது! ஒரு விலைச் சீட்டிலிருந்த சைபர்களை எண்ணிவிட்டு நாற்காலியைத் தேடினேன்.

இவர் ஓர் ஆம்ப்ளிஃபயரைக் குழந்தையைப் போல் தடவிக்கொண்டிருந்தார். கடைக்கார இளைஞர் குனிந்து வணங்கி, "உங்கள் ஊர் மின்சாரம் எத்தனை வோல்ட்?" என்றார். "230." இளைஞரின் முகம் வாடிவிட்டது. ஜப்பானில் 100 வோல்ட்தானாம். உள்நாட்டுக்கென்று செய்ததை நம் வீட்டில் அப்படியே செருகினால் புகைந்து போகும் என்று அவரே எச்சரித்தார். விற்கிறவரே "வேண்டாம்" என்று சொல்லி அன்றுதான் பார்த்தேன். என் சமையலறை பாதி பிழைத்தது!

அடுத்து ஓசனோமிசு. பழைய இசைத்தட்டுக் கடைகள் இங்கே ஏராளம். கிமோனோவின் இடுப்பில் கட்டும் பட்டைக்கு 'ஓபி' என்று பெயர். இசைத்தட்டு உறையைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டைக்கும் அதே பெயர்தான். பல வருஷம் ஒருவர் வீட்டிலிருந்த தட்டு, அந்தக் காகிதம்கூடக் கசங்காமல் கடைக்கு வந்திருக்கிறது!

ஒரு மாலை சன்டோரி மண்டபத்தில் கச்சேரி கேட்டோம். 1986-ல் திறந்தது, 2006 ஆசனங்கள். மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டம் போல் மேடையைச் சுற்றிப் படிப்படியாக அமைத்திருக்கிறார்கள். மைக் கிடையாது. வாத்தியம் நின்ற பிறகும் நாதம் ஏறக்குறைய இரண்டு விநாடி காற்றில் நிற்கிறது. "அசலைக் கேட்டால்தானே பெட்டி சொல்வது மெய்யா பொய்யா என்று தெரியும்?" என்றார் இவர்.

கடைசி நாள் ஷிபுயாவில் 'லயன்' என்ற காப்பிக் கடைக்குப் போனோம். 1926-ல் தொடங்கி, 1945-ல் குண்டுவீச்சில் அழிந்து, 1950-ல் மீண்டும் எழுந்த கடை. கப்பலில் வந்த இசைத்தட்டைச் சாமானியர் வாங்க முடியாத காலத்தில், ஒரு காப்பிக் காசுக்கு நல்ல சங்கீதம் கேட்க இப்படிப்பட்ட கடைகள் ஏற்பட்டன. உள்ளே மங்கலான வெளிச்சம். நாற்காலிகளெல்லாம் ஒரே திசையில், சுவரை அடைத்து நிற்கும் பிரம்மாண்டமான மர ஒலிபெருக்கியைப் பார்த்திருக்கின்றன. பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. காப்பி கொண்டுவந்த பெண்மணி கிசுகிசுத்தாள்.

வயலின் இசை ஆரம்பமாயிற்று. முன் வரிசையில் ஒரு முதியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இவர் அவரையே பார்த்தார். பிறகு தாமும் மெதுவாகக் கையை உயர்த்திக் காதருகே வைத்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்ததும், "உச்ச நாதமெல்லாம் கேட்டதா?" என்றேன்.

"கொஞ்சம் விட்டுத்தான் போயிற்று. ஆனால் அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் கேட்கும்போது, அது ஒரு குறையாகவே தோன்றவில்லை" என்றார்.

விலை உயர்ந்த பெட்டிகள் எந்த ஊரிலும் கிடைக்கும். வாங்க வசதியில்லாதவனுக்கும் ஒரு நாற்காலி போட்டு, அவன் கேட்டு முடிக்கும் வரை மௌனம் காக்கிறதே, அதுதான் டோக்கியோவின் பெருமை என்று எனக்குப் பட்டது.

வீடு திரும்பியதும் இவர் கூடத்து நாற்காலிகளைப் பழைய பாட்டுப் பெட்டியின் பக்கம் திருப்பிப் போட்டார். தினமும் மாலை ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. அடுத்த வீட்டு மாமிகூட வந்து உட்காருகிறாள். காப்பி என் உபயம்.

சமையலறையா? தை பிறக்கட்டும், பார்க்கலாம்!