நிந்தவூரில் மீண்ட குரல்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று நோக்கித் தெற்கே செல்லும் பெருந்தெரு, பயணஞ் செய்வோர் கண்ணுக்கு நல்விருந்து. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், இடையே கைகோத்து நிற்கும் ஊர்கள். தமிழூர் எங்கே முடிகிறது, முஸ்லிம் ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைக் கோயிற் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் சொன்னாலன்றி வழிப்போக்கன் அறியமாட்டான்.

கல்முனையையும் சாய்ந்தமருதையும் கடந்தால் காரைதீவு. 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். வழக்கொழிந்து மௌனமாகிப்போன யாழின் குரலைத் தேடி ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்த பேரறிஞர் அவர். அவ்வூரின் வழியே நான் ஊமை வண்டியொன்றை ஓட்டிச் சென்றேன் என்பதை இன்று நினைக்கச் சிரிப்பு வருகிறது. அன்று அது சிரிக்கும் செய்தியாக முடியவில்லை.

என் வண்டி, தந்தையார் விட்டுச் சென்ற மொரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் உற்பத்தியான இனத்தைச் சேர்ந்தது. இரண்டு வாரமாக அதன் ஹோர்ன் ஒலிக்கவில்லை. ‘மெதுவாகப் போகும் கிழவண்டிக்குக் குரல் எதற்கு?’ என்று வாளாவிருந்துவிட்டேன்.

நிந்தவூரில், நண்பகலுக்குச் சற்று முன்பு, வைக்கோல் ஏற்றி நின்ற உழவு இயந்திரத்தின் மறைவிலிருந்து சைக்கிளில் ஒரு சிறுவன் வெளிப்பட்டான். பொத்தானை அழுத்தினேன், ஓசையில்லை. தடையை மிதித்தேன். ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. மணலில் விழுந்த சிறுவன் காயமின்றி எழுந்து சிரித்தான். எனக்கோ கைகால் நடுங்கின.

அருகே சிறு வேலைத்தலம் வைத்திருந்த முதியவர் ஓடிவந்தார். “வண்டிக்கு வாயில்லாட்டிப் புள்ளைக்கு எப்படி சேர் தெரியும்?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. “காக்கா, இதைச் சரிசெய்யாமல் இவ்வூரை விட்டுப் போகமாட்டேன்” என்றேன்.

அவர் நோய் நாடிய முறை, மாணவர்க்கு நல்ல பௌதிக பாடம். முதலில் முன்விளக்குகளை ஏற்றினார். அவை மங்காது எரிந்தன. ஆகவே 12 வோல்ற்று மின்கலம் நலமாயிருந்தது. அடுத்து, கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய கம்பி கொண்ட பியூஸைப் பார்த்தார், கம்பி அறவில்லை. பின்னர் சோதனைக் குமிழின் ஒரு வயரை வண்டியின் உடலோடும், மற்றதை ஹோர்னுக்கு மின் வரும் முனையோடும் சேர்த்தார்; குமிழ் எரிந்தது. இவ்வண்டியில் சாவியை நிறுத்தினாலும் அம்முனையில் மின் இருந்துகொண்டேயிருக்கும். ஆதலால் அங்கே கருவி வைப்போர் கவனமாயிருத்தல் வேண்டும்.

இனி நான்காவது படி. ஹோர்னின் மறுமுனையை ஒரு வயரால் வண்டியின் உடலோடு கணப்பொழுது தொட்டார். ‘பாம்’ என்றது! “ஹோர்ன் நல்லாத்தான் இருக்குது சேர். பாதையிலதான் பழுது” என்றார்.

ஹோர்னுக்குள் மின்காந்தம் ஒரு தகட்டை இழுக்கிறது, இழுபட்டவுடன் தொடுகை பிரிந்து மின் அறுகிறது, தகடு மீள்கிறது, மறுபடியும் தொடுகை. வினாடிக்குச் சில நூறு தடவை நிகழும் இவ்வதிர்வே நாம் கேட்கும் ஒலி. மறுமுனையை வண்டியின் உடலோடு இணைத்து மின்சுற்றை முடித்து வைப்பதே பொத்தானின் பணி.

சுக்கானின் நடுவிலிருந்த பொத்தானைக் கழற்றினார். கடற்காற்றின் உப்பும் ஈரமும் செய்த வேலை தெரிந்தது; பித்தளைத் தொடுகையில் பச்சைக் களிம்பு. செம்பிற் களிம்பை ஆன்மாவைப் பற்றிய மலத்துக்கு உவமை கூறுவது நம் சைவ மரபு. அதை வகுப்பில் விளக்கியவன் நான். என் வண்டிக்குள் இருந்ததைக் காணாதவனும் நானே. மெல்லிய மணற்கடதாசியால் தேய்த்தார். பித்தளை பொன்னாய் மின்னியது.

பூட்டி முடிக்கவும் பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழவும் சரியாயிருந்தது. ஒலித்துப் பார்க்கக் கை நீட்டினேன். “தொழுகை முடியட்டும் சேர். பிறகு அடிச்சுப் பார்ப்பம்” என்று சொல்லிப் புறப்பட்டார். வேப்பமர நிழலிற் காத்திருந்தேன். குரல் கொடுக்கத் தெரிவது போலவே, குரலடக்கத் தெரிவதும் ஒரு கலையென்று அப்போது உணர்ந்தேன்.

திரும்பி வந்ததும் அவரே பொத்தானை அழுத்தினார். தந்தையார் காலத்து அதே குரல்! கூலியாக அவர் கேட்டது சிறுதொகை. நான் பெற்றதோ பெரிது.

மாலையில் மீளும்போது அந்த ஒழுங்கையருகே வேகந் தணித்து, ஒருமுறை மெதுவாக ஒலித்தேன். வேலியோரம் நின்ற சிறுவன் கையசைத்தான். பிறரை அதட்டுவதற்கன்று, ‘நான் வருகிறேன், கவனம்’ என்று அன்போடு அறிவிப்பதற்கே வண்டிக்குக் குரல் தந்திருக்கிறார்கள்.